மாநாட்டுக் கட்டுரை ஏற்பும் விருதும்: மதிப்பாய்வாளர் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்

கணினி அறிவியல் மாநாடுகளுக்குக் கட்டுரை அனுப்பியும், பின்னர் மதிப்பாய்வாளராகப் பிறர் கட்டுரைகளைப் படித்தும் வந்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: ஏற்பையும் விருதையும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு கேள்விகளைக் கேட்டு முடிவு செய்கிறார்கள். முதன்முறையாக அனுப்பும் ஆய்வு மாணவர்கள் இதை அறிந்துகொண்டு எழுதுவது நல்லது.

பக்க வரம்பை மீறியவையும் ஆசிரியர் அடையாளம் வெளிப்பட்டவையும் மதிப்பாய்வுக்குப் போகாமலே திரும்பக்கூடும். நன்றியுரையிலோ நிரல் இணைப்பிலோ பெயர் எஞ்சியிருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன் பார்த்துவிடுங்கள். பெயரை மறைப்பது வெறும் சடங்கல்ல. இணையத் தேடல், தரவுச் சுரங்கத் துறைக்கான டபிள்யூஎஸ்டிஎம் மாநாட்டில் 2017இல் ஒரே கட்டுரைகளை, ஆசிரியர் பெயர் தெரிந்து படிப்பவர்கள், தெரியாமல் படிப்பவர்கள் என இரு வகை மதிப்பாய்வாளர்களிடமும் கொடுத்துப் பார்த்தபோது, பெயர் தெரிந்து படித்தவர்கள் புகழ்பெற்ற ஆசிரியர்களின் கட்டுரைகளையே கூடுதலாகப் பரிந்துரைத்தனர்.

அடுத்து வழக்கமாக மூன்று அல்லது நான்கு பேர் படித்து மதிப்பெண் தருவார்கள். ஆசிரியரின் மறுமொழிக்குப் பிறகு ஏரியா சேர் எனப்படும் பகுதித் தலைவர் முடிவைப் பரிந்துரைப்பார். அவர் மதிப்பெண்களின் சராசரியை மட்டும் பார்த்து ஒதுங்கிவிடுவதில்லை. ஒருவர் உறுதியாக வாதாடும் கட்டுரை, எல்லோரும் 'பரவாயில்லை' என்று விட்டுவிட்ட கட்டுரையை முந்திவிடுவது உண்டு. எனவே மறுமொழியை எழுதும்போது, குறைகூறிய மதிப்பாய்வாளரைச் சமாதானப்படுத்துவதோடு நின்றுவிடாமல், உங்கள் பக்கம் நிற்பவர் எடுத்துப் பேசக்கூடிய ஆதாரத்தையும் அதில் வையுங்கள். புதிய சோதனை முடிவு ஒன்று இருந்தால் அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

இதில் தற்செயலுக்கும் இடமுண்டு. 2014இல் நியூரிப்ஸ் என்னும் இயந்திரக் கற்றல் மாநாடு (அப்போது அதன் பெயர் நிப்ஸ்) 166 கட்டுரைகளை இரு தனித்தனிக் குழுக்களுக்கு அனுப்பிச் சோதித்தது. அவற்றுள் 43 கட்டுரைகளில் இரு குழுக்களின் முடிவும் மாறுபட்டது. ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கு மேல் மற்றக் குழுவால் நிராகரிக்கப்பட்டிருந்தன. 2021இல் மீண்டும் செய்தபோதும் நிலைமை ஏறக்குறைய அப்படியே இருந்தது. நிராகரிப்புக் கடிதத்தைத் தகுதிச் சான்றிதழாகப் படிப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

விருதுக்கான பாதை பல மாநாடுகளில் மதிப்பாய்வுப் படிவத்தின் கடைசிப் பகுதியில் தொடங்குகிறது. 'இக்கட்டுரையைச் சிறந்த கட்டுரை விருதுக்குப் பரிசீலிக்கலாமா, ஏன்?' என்றொரு கட்டம் அங்கே இருக்கும். பெரும்பாலோர், நான் உட்பட, அதற்கு 'இல்லை' என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். 'ஆம்' என்றால் காரணம் எழுத வேண்டும், அதற்குக் கட்டுரையே சொற்களைத் தந்திருக்க வேண்டும். உங்கள் பங்களிப்பை முதல் பக்கத்திலேயே, படிப்பவர் அப்படியே எடுத்தெழுதக்கூடிய இரண்டு வாக்கியங்களில் சொல்லுமாறு நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பரிந்துரைகள் பின்னர் தனியொரு விருதுக் குழுவிடம் போகும். ஆசிரியர்களோடு தொடர்புடைய உறுப்பினர்கள் அந்தக் கட்டுரை பற்றிய விவாதத்திலிருந்து விலகிக்கொள்வார்கள். 'பிழை இல்லையா?' என்ற கேள்வி அங்கே ஏற்கெனவே கடந்துவிட்ட ஒன்று. இத்துறையில் இருப்பவர்கள் இனி வேறுவிதமாக வேலை செய்வார்களா என்பதே விவாதப் பொருள். அந்தக் கணிப்பு தவறுவதும் உண்டு என்பதால்தான் காலத்தை வென்ற கட்டுரைக்கென்று தனி விருதுகள் இருக்கின்றன: சொற்களை எண் வரிசைகளாக மாற்றும் வேர்ட்டுவெக் முறை பற்றி 2013இல் வெளியான கட்டுரைக்கு நியூரிப்ஸ் 2023இல்தான் அதை வழங்கியது.

இறுதி வடிவத்தைப் படித்து முடிவு செய்யும் விருதுக் குழுக்களும் உண்டு. ஆகவே ஏற்புக் கடிதம் வந்த பிறகு கிடைக்கும் சில வாரங்களில், மதிப்பாய்வாளர்கள் புரியவில்லை என்று சுட்டிய படத்தையும் அட்டவணையையும் திருத்துங்கள், வரம்புகள் பற்றிய பகுதியை ஒளிவுமறைவின்றி எழுதுங்கள்.