சூலையும் கடலலையும்

அப்பரை வாட்டி, திருவதிகையில் தீர்ந்த சூலை நோய் (கொடிய வயிற்றுவலி), அவரை ஆட்கொள்ள இறைவனே தந்தது என்று சைவ மரபு சொல்கிறது. நோயுற்றவரே ஏற்றுக்கொண்ட விளக்கம் என்பதால் அது எனக்கு உறுத்துவதில்லை. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் பிள்ளையைக் கடலுக்குப் பறிகொடுத்த ஒரு தாயிடம், இதற்கும் ஒரு நோக்கம் உண்டு என்று சொல்ல எவருக்கு மனம் வரும்? மனிதன் இழைக்கும் கொடுமைக்கு அவனுடைய சுதந்திரத்தைக் காரணம் காட்டலாம். சுமத்திராவுக்கு அருகே கடலடித் தட்டு நழுவியதற்கு யாருடைய சுதந்திரத்தைக் காட்டுவது? முன்வினை என்று பதில் சொல்பவர்கள் (பெரும்பாலும் எதையும் இழக்காதவர்கள்) இறைவனைக் காப்பாற்றும் அவசரத்தில் இறந்த குழந்தையைக் குற்றவாளியாக்கி விடுகிறார்கள் என்றே நான் கருதுகிறேன். இறைவன் எல்லாம் வல்லவன், அன்பே வடிவானவன் என்னும் இரண்டில் எதையும் கைவிட எனக்கு மனமில்லை. கடலூர்ப் பாடலீசுவரர் சந்நிதியில் இப்போது நான் வேண்டுவதைவிடக் கேள்வி கேட்பதே அதிகம்.