மலை ஏறும் டர்போ பிக்கப்பும் தீராத சைலன்சர் விரிசலும்

கேத்திப் பக்கம் கேரட் போடுகிறவர்களுக்குத் தெரியும். கழுவிய கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவது வண்டிக்கு ஒரு வேலையே இல்லை. திரும்பும்போது கோழி எரு மூட்டைகளோடு பர்லியாறு தாண்டி ஏறுகிறோமே, அதுதான் வேலை. 300 மீட்டர் சொச்சத்தில் கிளம்பி 2,000 மீட்டருக்கு மேல் வந்து சேர வேண்டும். முக்கால்வாசி வழி இரண்டாவது கியர்தான். சீசன் நேரமென்றால் ஊட்டிக்குப் போகிற கார்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே வர வேண்டும், காற்றோட்டமும் கிடையாது. எங்களுடைய பழைய டர்போ டீசல் பிக்கப்பில் சைலன்சர் பைப் விரிசல் விட ஆரம்பித்தது இப்படித்தான். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற கருவி.

முதலில் சத்தம்தான் காட்டிக்கொடுத்தது. காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று கேட்கும், இன்ஜின் சூடானதும் நின்றுவிடும். சூட்டில் இரும்பு விரிந்து கீறல் மூடிக்கொள்வதால் அப்படி. அப்புறம் கேபினுக்குள் புகை வாடை வந்தது. குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுகிற ஊரில் இதை விளையாட்டாக விடக்கூடாது, தலைவலியோடு நிற்காது. குனிந்து பார்த்தால் டர்போ ஃபிளேஞ்சுக்குக் (பைப்பை டர்போவோடு நட்டுப் போட்டு இணைக்கிற விளிம்பு) கீழே, வெல்டிங் ஓரமாக, கருப்பாக ஒரு கரிக்கோடு.

உள்ளூரில் வண்டியில் வைத்தபடியே ஆர்க் வெல்டிங் அடித்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் தாங்கியது. பிறகு பழைய வெல்டிங்குக்கு அரை இஞ்சு தள்ளிப் புதுக் கீறல். திரும்ப அடித்தால் திரும்பப் பக்கத்தில். “டர்போ வண்டின்னா இப்படித்தான்” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

மேட்டுப்பாளையத்தில் மண்டிக்காரர் ஒருவர் சொல்லி ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் கீறலைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. இன்ஜினை ஆறவிட்டு, ஃபிளேஞ்ச் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கடைசி நட்டு கழன்றதும் பைப் ‘டங்’கென்று ஒரு விரல் அகலம் விலகி நின்றது.

“பாத்தீங்களா தம்பி? பைப் மேல குத்தமில்லீங்க. அத எதோ ஒண்ணு புடிச்சு இழுத்துட்டே இருக்குது. இழுக்கறது எதுன்னு பாக்காம வெல்டிங் வெச்சா, பக்கத்துல தான் கிழியும்.”

இழுத்தது ஒன்றல்ல, இரண்டு. இன்ஜினைத் தாங்குகிற மவுண்டிங் ரப்பர் ஒன்று உள்ளே கிழிந்து தொங்கியது. லோடோடு ஏறும்போது இன்ஜின் ஒரு பக்கமாகத் திமிறும். அந்த அசைவை வாங்கிக்கொள்ள வேண்டியது பைப்பில் இருக்கிற பெல்லோஸ், அதாவது நெளிநெளியான வலைக் குழாய். எங்கள் வண்டியில் அது இல்லவே இல்லை. முன்பு எந்தப் பட்டறையிலோ அதை வெட்டிவிட்டுச் சாதாரணப் பைப்பை ஒட்டியிருக்கிறார்கள். இன்ஜின் ஒரு பக்கம், சேசிஸ் ஒரு பக்கம், நடுவில் விறைப்பான பைப். போதாததற்குச் சூடு. ஒரு மீட்டர் மைல்டு ஸ்டீல் பைப் 500 டிகிரி சூடேறினால் 6 மில்லிமீட்டர் நீளும். 304 ஸ்டெயின்லெஸ் என்றால் கிட்டத்தட்ட 9. அந்த நீளத்துக்குப் போக இடம் வேண்டாமா? பனி நாடுகளில் ஓட்டுகிற டர்போ ஸ்னோமொபைல்களிலும் இதே தொல்லைதான். அதனால் அவற்றில் பைப் மூட்டுகளைப் போல்ட் போட்டு முறுக்காமல் ஸ்பிரிங்கால் இழுத்துப் பிடித்திருப்பார்கள்.

அடுத்து, ஏன் இவ்வளவு சூடு என்று தேடினார். ஏற்றத்தில் கரும்புகை தள்ளுகிறதா என்று கேட்டார். தள்ளும், ஆனால் நாங்கள் அதை வயசான வண்டி என்று விட்டிருந்தோம். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரின் ஹோஸைத் தடவினால் கிளாம்ப் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு; ஹோஸ் அங்கே கிழிந்து காற்று கசிகிறது. டீசல் அதே அளவு, காற்று மட்டும் குறைவு என்றால் எக்ஸாஸ்ட் சூடு எகிறும். ஊட்டி உயரத்தில் காற்றே கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். இருக்கிறதையும் வெளியே விட்டால் எப்படி? ஏர் ஃபில்டரும் அடைத்துத்தான் இருந்தது.

புது மவுண்டிங், புது ஹோஸ், ஃபில்டர், ஸ்டெயின்லெஸ் பெல்லோஸ். மைல்டு ஸ்டீல் பைப்போடு பெல்லோஸைச் சேர்க்க ஆர்கான் வெல்டிங், இரண்டு வகை இரும்பையும் சேர்த்து ஒட்டுகிற 309எல் கம்பி. ஃபிளேஞ்சு ஓரத்தில் ஒட்டுப்போட்ட பகுதியை முழுதாக வெட்டி எறிந்தார். பின்னால் பிராக்கெட் பக்கம் இருந்த சின்னக் கீறலுக்கு மட்டும், இரண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போட்டு, கீறலைப் பள்ளமாகத் தேய்த்துப் பிறகு வெல்டிங் வைத்தார். துளை இல்லாவிட்டால் கீறல் நுனி ஓடிக்கொண்டே இருக்குமாம். எல்லாம் கழற்றி வெளியே வைத்துத்தான். வண்டியிலேயே வெல்டிங் வைக்க வேண்டிவந்தால் பேட்டரி டெர்மினலைக் கழற்றச் சொல்லுங்கள், புது மாசு விதிப்படி வந்த, எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த பி.எஸ்.6 வண்டிக்காரர்கள் கண்டிப்பாக.

மாட்டியதில்தான் அவர் கைத்திறன். எல்லா நட்டையும் விரலால் மட்டும் ஏற்றி, பைப்பை அதன் இஷ்டத்துக்குத் தொங்கவிட்டார். பிறகு டர்போ பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி முறுக்கிக்கொண்டே போய், சைலன்சர் ரப்பர் பிராக்கெட்டைக் கடைசியாக இறுக்கினார். எங்கேயும் ஜாக்கி வைத்து நெம்பவில்லை. பைப்பின் பின்முனையில் காற்றடித்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்து, குமிழ் வரவில்லை என்று காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

சூட்டில் வயர்களும் கெட்டிருந்தன. பைப் பக்கம் போகிற வயரின் உறை தொட்டால் அப்பளமாக நொறுங்கியது. அதை மாற்றி, பின்னல் உறை போட்டு, பைப்புக்கும் வயருக்கும் நடுவில் இடைவெளி விட்டு ஒரு அலுமினியத் தகடு. பைப் முழுக்க ஹீட் டேப் சுற்றிவிடலாம் என்று ஒரு கடைக்காரர் வற்புறுத்தினார். நான் வேண்டாம் என்றேன். டேப் சூட்டை உள்ளேயே அடைத்து வைப்பதால் பைப் இன்னும் பழுக்கும். எங்கள் ஊர் மஞ்சிலும் மழையிலும் அது ஈரத்தைக் குடித்து உட்கார்ந்தால் மைல்டு ஸ்டீல் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துவிடும்.

ஓட்டுகிற பழக்கத்தில் மாறியது கொஞ்சம்தான். ஏறி வந்ததும் உடனே ஆஃப் செய்யாமல் ஓரிரண்டு நிமிடம் ஐடிலில் விடுகிறோம். டர்போ பேரிங்கில் எண்ணெய் கருகாமல் இருக்க அது தேவை. சூடான வண்டிக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சுவதில்லை. இன்ஜினிலிருந்து புகையை டர்போவுக்குக் கொண்டுபோகிற வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு அதில் வெடிப்பு விடும். ஏர் ஃபில்டரைத் தவறாமல் தட்டிப் பார்க்கிறோம்.

போன மழைக்காலம் முழுக்க லோடு அடித்தும் ஃபிளேஞ்சு ஓரம் கரி இல்லை. அந்த அலுமினியத் தகடு மட்டும் இரண்டாவது கியரில் கிடுகிடுவென்று அதிர்கிறது. அதற்கு ஒரு கிளாம்ப் வாங்கி வைத்திருக்கிறேன், லோடு இல்லாத நாளில் போட வேண்டும்.