கரையில் யாரைக் கேட்பது?

மரைன் போலீஸ் வேலையில் ரோந்துப் படகும் பைனாகுலரும் பாதிதான். மீதி, கரையில் இருக்கிற யாரோ ஒருவர் போன் போட்டு, "சார், தெரியாத ஃபைபர் படகு ஒண்ணு ஒதுங்கிக் கிடக்கு" என்று சொல்வது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் முப்பது கிலோமீட்டர். ராத்திரியோடு ராத்திரியாக வந்துவிடலாம். எத்தனை படகு விட்டாலும் முழுதாக அடைக்க முடியாத கடல் அது.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் பெரிய ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 260 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். இங்கே அப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. வெளியே போய் வந்தது நாட்டுப்படகுக்காரர்கள்தான், எங்களுக்குக் கண் அவர்கள்தான். அவர்களில் இஸ்லாமியர்களும் நிறையப் பேர்.

அந்த வாரமே பெங்களூரு போலீசுக்கு ஒரு போன்: ராமநாதபுரத்தில் 19 தீவிரவாதிகள் பதுங்கியிருக்கிறார்கள், ரயிலில் குண்டு வைப்பார்கள் என்று. பாம்பன் பாலத்தில் சோதனை, லாட்ஜ்களில் சோதனை. பேசியவர் முன்னாள் ராணுவ வீரர், லாரி டிரைவர். சொன்னது முழுப் புரளி. பிடித்தும் விட்டார்கள். ஆனாலும் கெடுபிடி குறையவில்லை.

எனக்கு அடிக்கடி தகவல் சொல்லும் ஒரு பாய் இருந்தார், அறுபது வயதிருக்கும். கூடுதல் பணிக்கு வந்த ஓர் இளம் அதிகாரி அவரை மணலில் உட்கார வைத்தார். வலையை உதறச் சொன்னார், சோற்றுத் தூக்கைத் திறக்கச் சொன்னார். பாய் நீட்டிய மீனவர் அடையாள அட்டையைக் கையில்கூட வாங்கவில்லை. "காத்தான்குடியில சொந்தக்காரங்க யாரு?" என்பதுதான் கேள்வி. அப்புறம் நான் போன் செய்தால், "நமக்கு எதுக்கு சார் வம்பு" என்பார், அவ்வளவுதான்.

ஈஸ்டர் குண்டுவெடிப்பை முன்னின்று நடத்திய சஹ்ரானின் ஊர், இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள காத்தான்குடி. 1990இல் அங்கே பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பழி புலிகள் மேல். 2014இல் அளுத்கமவிலும் 2018இல் திகனவிலும் சிங்கள பௌத்தத் தீவிரம் பேசியவர்களின் கும்பல் முஸ்லிம் கடைகளைக் கொளுத்தியது. இதனால் சஹ்ரான் செய்தது நியாயமாகிவிடாது. ஆனால் ஆள் பிடிக்கிறவனுக்கு இதெல்லாம் வசதி. அதே சஹ்ரானைப் பற்றி இலங்கை முஸ்லிம்களே முன்கூட்டிப் புகார் சொல்லியிருந்தார்கள், இந்தியாவும் எச்சரித்திருந்தது. அங்கே ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் முகம் கொடுத்துப் பேச்சே இல்லை. தகவல் மேசையிலேயே கிடந்தது. அங்கே வந்த தகவலைக் கேட்க ஆளில்லை. இங்கே நாங்கள் தகவல் வரும் வழியையே அடைத்துக்கொண்டோம். தொப்பியைப் பார்த்துச் சந்தேகப்படுவதைப் பாதுகாப்பு என்று மேலே யாராவது சொன்னால், கடற்கரையில் ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அடுத்த வருஷம் விரலி மஞ்சள் கடத்தல் சூடுபிடித்தது. இலங்கையில் இறக்குமதிக்குத் தடை, விலை எகிறிவிட்டது. பாயின் ஊர்க் கரையிலிருந்தே மூட்டைகள் போயிருக்கின்றன. எங்களுக்கு அது தெரிந்தது, பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்த வேறொரு ஊர்க்காரர் சொல்லித்தான்.