ஊசியை எடுத்த பிறகு

கல்லீரல் கட்டிக்குள் தோல் வழியாக ஊசி செலுத்தி, ரேடியோ அலை அல்லது மைக்ரோவேவ் சூட்டால் சுட்டழித்து ஊசியை வெளியே எடுத்ததும், ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்தால் அறையில் எல்லோருக்கும் மூச்சு வரும். ஆனால் கசிவுதான் பெரும்பாலும் அன்றே தெரியும். சூடு பக்கத்து உறுப்பில் செய்த கேடு நாலு நாள் கழித்து வரலாம், ஒரு வருஷம் கழித்தும் வரலாம்.

2003இல் இத்தாலிய மருத்துவர்கள் ரேடியோ அலை சிகிச்சை பெற்ற 2,320 பேரின் விவரங்களைத் தொகுத்தார்கள். பெரிய சிக்கல் வந்தவர்கள் 50 பேர், இறந்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறில் இரண்டு மரணங்கள் குடலில் ஓட்டை விழுந்ததால் வந்தவை. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் குடல் ஓட்டை தாமதமாகவே வெளிப்படும். சுவர் வெந்த அன்று வலி கொஞ்சம்தான் இருக்கும். செத்த திசு உதிரும்போதுதான் வயிறு இறுகும். அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார்.

ஆபத்து அதிகம் பெருங்குடலுக்குத்தான். சுவர் மெல்லியது, சிறுகுடல் போல நழுவி விலகாது. முன்பு வயிற்றில் அறுவை நடந்திருந்தால் கல்லீரலோடு ஒட்டியே கிடக்கும். கட்டிக்கும் குடலுக்கும் இடையே ஒரு செ.மீ. கூட இல்லை என்றால் நடுவே திரவம் செலுத்தித் தள்ள வேண்டும். ரேடியோ அலைக்கு 5% டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்)தான் சரி. சலைன், அதாவது உப்புக் கரைசல், மின்சாரத்தைக் கடத்தும். ஊற்றிய திரவம் வயிற்றுக்குள் பரவி வடிந்துவிடும் என்பதால், சூடேற்றும்போதே இடைவெளியைத் திரும்பத் திரும்பப் பார்த்து நிரப்ப வேண்டும். ஒட்டிய குடல் திரவத்துக்கு அசையாவிட்டால், தோல் வழியாகச் சுடும் யோசனையையே கைவிடுவது நல்லது.

காய்ச்சல் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். வெந்த திசுவால் முதல் சில நாட்கள் லேசான காய்ச்சலும் உடல்வலியும் பலருக்கு வரும், தானே அடங்கும். சுட்ட இடத்தில் உடனே தெரியும் காற்றுக்குமிழிகளும் இயல்பே. அடங்கிய காய்ச்சல் குளிரோடு திரும்பினாலோ, இல்லாத காற்று புதிதாகத் தெரிந்தாலோ சீழ்க்கட்டியை நினைக்க வேண்டும். பித்தநாளத்தைக் குடலோடு இணைத்தவர்கள், பித்தநாளத்தில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் குழாய்) உள்ளவர்கள், இவர்களின் பித்தத்தில் குடல் கிருமிகள் ஏற்கெனவே குடியிருக்கும். செத்த திசு அவற்றுக்கு நல்ல தீனி. இந்த முன்கதையை ஊசி போடும் முன்பே கேட்டாக வேண்டும்.

கல்லீரலின் மேற்பகுதியில், அதாவது 7, 8ஆம் செக்மென்ட்களில் (கல்லீரலை எண்ணிட்டுப் பிரித்த பகுதிகள்), கட்டியைச் சுடும்போது வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் சுடுபடலாம். அன்று வலது தோளில் வலி, அவ்வளவுதான். மாதங்கள் கழித்து அந்தத் தழும்பு கிழிந்து குடல் மார்புக்குள் ஏறியவர்கள் உண்டு. அப்போது வாந்தியோடு வருபவரைப் பார்க்கும் டியூட்டி டாக்டருக்குப் பழைய சிகிச்சை நினைவுக்கு வர வழியே இல்லை. மிக அரிதாகப் பித்தம் நுரையீரலுக்குள் வழி கண்டு மஞ்சள் சளியாக வரும்.

பித்தநாளம் சுருங்குவது கல்லீரலின் நடுப்பகுதிக் கட்டிகளில். மெதுவாக, ரத்தப் பரிசோதனையில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி ஏறுவதில் தெரியும். ரேடியோ அலையில் மின்சாரம் திரும்பிப் போகத் தொடையில் ஒட்டும் பேட் ஓரங்களிலும் தோல் வெந்துபோகும்: கல்லீரலைப் பார்த்த விளிம்பில்தான் சூடு குவியும். மயக்கத்தில் இருப்பவர் எரிகிறது என்று சொல்ல மாட்டார், தொட்டுப் பார்க்க வேண்டியது நாம்தான். மைக்ரோவேவுக்குப் பேட் வேண்டாம். ஆனால் சூடு வேகமாக, அகலமாகப் பரவும்.

புற்று செல்கள் ஊசித் தடத்தில் சிந்தி முளைக்காமல் இருக்க, மேற்பரப்புக் கட்டியை நேராகக் குத்தாமல் நல்ல கல்லீரல் வழியாக நுழைந்து, திரும்பும்போது தடத்தையும் சுட்டபடி எடுக்கிறோம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ‘கட்டி அழிக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘8ஆம் செக்மென்ட், உதரவிதானத்தை ஒட்டி, மைக்ரோவேவ்’ என்று எழுதுங்கள். அடுத்த வருஷம் வேறு ஊரில் அவரைப் பார்க்கப்போகும் டாக்டருக்குக் கிடைக்கும் ஒரே தடயம் அந்த வரியாக இருக்கலாம்.