ஆயித்தியமலை மாதாவுக்கு அம்மாவின் நேர்த்தி

இந்த வருஷம் மட்டக்களப்பு ஆயித்தியமலைத் திருவிழாவுக்கு அம்மாவின் நேர்த்தியை நான் நடந்து தீர்த்தேன். சதா சகாய மாதாவுக்கு நன்றி. அம்மாவால் இனி நடக்க முடியாது. மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது, கட்டிலில் இருந்து எழும்பிக் குசினி வரைக்கும் போவதே பெரும்பாடு. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் மட்டக்களப்புக்குமாக அலைந்து, மருந்து ஏற்றி, முடி முழுக்கக் கொட்டித் திரும்ப முளைத்து, சரி இனி ஒன்றும் இல்லை என்று நாங்கள் மூச்சு விட்ட நேரத்தில்தான் முதுகில் அந்த நோ தொடங்கியது. ஓகஸ்ட் கடைசியில் கொடியேற்றம் நெருங்கும்போது அம்மா என்னைக் கூப்பிட்டு, "புள்ள, எனக்குப் பதிலா நீ நடந்துட்டு வாகா" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சுகம் கேள் என்று சொல்லவில்லை.

அந்த நேர்த்தி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். நாங்கள் இப்போது திராய்மடுவில் இருக்கிறோம், ஆனால் சொந்த இடம் நாவலடி. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவில் ஒரு துண்டு மணல்தான் எங்கள் ஊர். 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. தம்பிக்கு எட்டு வயது. நத்தாருக்கு எடுத்த புதுச் சேட்டைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து அதோடேயே நின்றான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினார். பிடித்த கையில் இருந்துதான் தண்ணீர் அவனை எடுத்தது. உடம்பு கிடைக்கவில்லை, அதனால் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி வைக்கவும் எங்களுக்கு இடம் இல்லை.

அதற்குப் பிறகு அம்மா கோயிலை விடவில்லை, பூசையை விடவில்லை, புதன்கிழமை நவநாளையும் விடவில்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் பக்கத்தில் நிற்பவள் நான். கர்த்தர் கற்பித்த செபத்தை 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தாய்' என்று தொடங்குவார், 'உமது திருவுளம்' நிறைவேறட்டும் என்கிற வரி வரும்போது வாயை மூடிவிடுவார். எல்லாரும் அந்த வரியைச் சொல்லி முடித்து 'அனுதின உணவை'க்கு வந்த பிறகுதான் திரும்பச் சேர்ந்துகொள்வார். ஒருநாள் கேட்டேன். "பொய் சொல்லி எப்படி மகள் செபிக்கிற?" என்றார். பிறகுதான் நேர்த்தி வைத்தார். மகனைத் தா என்றோ, கனவிலாவது காட்டு என்றோ கேட்கவில்லை. மாதாவே, அந்த ஒரு வரியை மனசாரச் சொல்ல எனக்கு உதவி செய், நான் ஒவ்வொரு திருவிழாவுக்கும் கால்நடையாக உன்னிடம் வருவேன் என்பதுதான் நேர்த்தி.

முதல் முறை அம்மா போன காலத்தில் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. வவுணதீவில் ஆமியின் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று, பை எல்லாம் கொட்டிக் காட்டி, அங்காலே போய்த் திரும்பவும் விளக்கம் சொல்லி நடக்க வேண்டும். இப்போது அந்தக் கரைச்சல் இல்லை. இப்போது இருப்பது யானைப் பயம். அந்தப் பக்கத்துச் சனங்கள் இரவில் யானைக்குப் பயந்து படுகிற பாட்டை நாங்கள் கிழக்கே எழுவான்கரையில் இருந்துகொண்டு உணர்வதே இல்லை. அதனால் தனியே நடக்கக்கூடாது, கூட்டமாகத்தான் போக வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

தாண்டவன்வெளிக் கோயிலடியில் சேர்ந்து விடியப்புறமே வெளிக்கிட்டோம். வலையிறவுப் பாலத்தைத் தாண்டும் வரைக்கும் வாவிக் காற்று நன்றாக இருந்தது, செபமாலையும் பாட்டுமாக எல்லாரும் உற்சாகமாக நடந்தார்கள். வவுணதீவு கழிந்து வெயில் ஏறியதும் பாட்டு நின்றது. சூடான கச்சான் காற்று முகத்தில் அடித்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் வெட்டி முடிந்த வயல், ஒதுங்க நிழல் கிடையாது, தார் ரோட்டின் சூடு செருப்பைத் தாண்டி உள்ளங்காலுக்கு வந்தது. இருபது கிலோமீற்றருக்கு மேல் நடக்க வேண்டும், எனக்குப் பாதிவழியிலேயே குதியில் கொப்புளம் போட்டு உடைந்துவிட்டது. அம்மா இதை எத்தனை வருஷமாகச் செய்தார், ஒருநாளும் காலைக் காட்டி ஒரு சொல் சொன்னதில்லை.

ஒரு வீட்டு வாசலில் மேசை போட்டுத் தேசிக்காய்த் தண்ணி வைத்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மா நெற்றியில் திருநீற்றோடு நின்றார். நான் நொண்டுவதைக் கண்டு, "வெயிலுக்குள்ள நிக்காத மகள், உள்ளுக்கு வந்து இரு" என்று கூட்டிப்போய்க் காலைக் கழுவ வாளியில் தண்ணீர் வைத்து, பழைய சீலையில் ஒரு துண்டு கிழித்துச் சுற்றிவிட்டார். யாருக்காக நடக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. என் காலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு வருஷமாக எங்கள் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனவர்கள் அப்படி.

அம்மாவின் நோய் திரும்பிய செய்தி பரவியதும் செபம் பண்ண என்று ஆட்கள் வந்தார்கள். நல்ல மனதோடு வந்தவர்கள் பலர், ஆண்டவர் அவர்களை ஆசீர்வதிப்பாராக. ஆனால் சிலர், குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது, அதுதான் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது என்று அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே சொன்னார்கள். விசுவாசம் முழுமையாக இருந்தால் மருந்தே தேவைப்படாது என்றார் இன்னொருவர். பிறவியிலேயே பார்வையற்ற மனிதனைக் கண்டு, இவன் செய்த பாவமா, இவனுடைய பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு சொன்னாரே, யோவான் 9ஆம் அதிகாரத்தில், அதை இவர்கள் வாசித்ததே இல்லையா? பைபிளில் எல்லாம் இழந்த யோபுவின் நண்பர்களும் முதலில் ஏழு பகல் ஏழு இரவு வாய் திறக்காமல் அவரோடு தரையில்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் பிழைத்தது. கடைசியில் கடவுள் கோபித்தது அந்த நண்பர்கள் மேல், அழுது வழக்காடிய யோபுவின் மேல் இல்லை. துன்பப்படுகிறவர் வீட்டுக்குப் போகும் எல்லாரும் இதை நினைவில் வைக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

சரி, பின்னேரம்போல் திருத்தலத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சனம் என்றால் சனம். கச்சான் கடலைக் கடைகளும் விளையாட்டுச் சாமான் கடைகளும் இருப்பது திருவிழாவுக்கு அழகு, அதைக் குறை சொல்ல மாட்டேன், நான் சின்னப்பிள்ளையில் ஆசைப்பட்டதே அதற்குத்தான். ஆனால் வாசலில் இருந்தே கையைப் பிடித்து இழுத்து மெழுகுதிரி விற்பதும், வெளியே எங்கோ அடைத்த எண்ணெய்ப் போத்தலை மாதாவின் எண்ணெய், நோயாளிக்குப் பூசினால் மூன்று நாளில் தெரியும் என்று சொல்லி விற்பதும் பெரிய அநியாயம். என் பக்கத்தில் ஒரு வயது போன ஐயா, மடியில் முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்து அதில் இரண்டு வாங்கினார். யாருக்கு வாங்குகிறாரோ. திரும்பிப் போகும்போது ஓட்டோக்காரர்கள் கேட்ட காசும் அப்படித்தான், நடந்து களைத்த சனத்திடம் மனம் வந்து எப்படித்தான் கேட்கிறார்களோ.

இரவு சொரூபப் பவனி முடிந்து, வளவுக்குள் பாயை விரித்துச் சரிந்தோம். விடியத் திருவிழாப் பூசை. கர்த்தர் கற்பித்த செபம் வந்தது. அத்தனை ஆயிரம் பேரும் கையை விரித்துச் சொல்கிறார்கள். நானும் சொல்லிக்கொண்டு போனேன், அம்மா நிற்கும் அந்த இடம் வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உமது திருவுளம். அம்மாவின் முதுகெலும்பில் இருப்பதும் அதுவா? தம்பியும் அதுவா? நான் சொல்லவில்லை. ஆனால் சத்தம் நிற்கவில்லை. முன்னால், பின்னால், மாமரத்தடியில், மதிலுக்கு வெளியே, எல்லாப் பக்கமும் அந்த வரியைச் சொன்னார்கள். அவர்களில் எத்தனை பேர் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், போரில் காணாமல் போன புருஷனை இன்னும் தேடுகிறவர்கள், 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள்! இந்த மாவட்டத்தில் ஒரு கூட்டம் சேர்ந்தால் அதற்குள் இது எல்லாமே இருக்கும். அவர்கள் எல்லாரும் எனக்காகவும் சேர்த்துச் சொன்னதுபோல இருந்தது. அம்மா வருஷக்கணக்காக வாயை மூடிக்கொண்டு நின்றபோதும் இப்படித்தான் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். திருச்சபை என்று நாங்கள் சொல்வது இதைத்தானோ என்று எனக்குப் பட்டது.

பூசை முடிந்து மாதாவின் படத்துக்குக் கிட்டப் போகத்தான் பெரிய இடிபாடு. முன்னுக்கு நிற்பவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நகர மாட்டார்கள், பின்னுக்கு நிற்பவர்கள் தள்ளுகிறார்கள். எப்படியோ எனக்கு ஒரு நிமிஷம் கிடைத்தது.

அந்தப் படம் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறதுதான். 1866இல் ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசர் இரட்சகர் சபைத் துறவிகளிடம் ஒப்படைத்து, உரோமையில் புனித அல்போன்சு ஆலயத்தில் வைத்திருக்கும் மூலப்படத்தின் பிரதிதான் எல்லாமே. குழந்தை இயேசு தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. கபிரியேல் தூதர் சிலுவையும் ஆணியும் கொண்டு வருகிறார், மிக்கேல் தூதர் ஈட்டியும் கடற்பஞ்சும் கொண்டு வருகிறார், அதைக் கண்டு பயந்து ஓடிவந்து தாயிடம் ஏறிய பிள்ளை அது, ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்பு கழன்று காலில் தொங்குகிறது. பிள்ளை இரண்டு கையாலும் தாயின் ஒரு கையைப் பிடித்திருக்கிறது. இதை எங்களுக்குச் சொல்லித் தந்தது அம்மாதான். ஒருநாள் நவநாள் முடிந்து வந்து வீட்டுப் படத்துக்கு முன்னால் நின்றபோது அவர் சொன்னார்: "அவட கையைப் பாருகா. இறுக்கிப் பிடிக்கயில்ல. திறந்துதான் இருக்கு."

அன்றைக்கு அது எனக்குச் சரியாக விளங்கவில்லை. இப்போது, முழங்கை இடிக்க, தொண்டர்கள் "நகருங்க, நகருங்க" என்று கத்த, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது விளங்கியது. மாதாவாலும் தன் பிள்ளையைப் பிடித்து வைக்க முடியவில்லை. சிலுவை படத்தில் இருந்து போகவில்லை, தூதர்கள் அதைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. முப்பத்து மூன்று வயதில் அந்தப் பிள்ளை ஒலிவத் தோட்டத்தில் வியர்வை இரத்தமாக விழ, இந்தக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்று கேட்டும் அகலவில்லை. என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அவரே கத்தினார். அப்படியானால் என் அம்மாவின் கை தோற்ற கை இல்லை. இருபது வருஷமாக, நான்தான் விட்டுவிட்டேன், நான்தான் விட்டுவிட்டேன் என்று இரவில் எழும்பி அழுத என் அம்மாவின் கையும் மாதாவின் கையும் ஒரே மாதிரித்தான் திறந்து கிடக்கின்றன. தாய் விட்ட இடத்தில் பிதா பிடித்தார். மகனை மூன்றாம் நாள் எழுப்பினார். என் தம்பியும் அவர் கையில்தான் இருக்கிறான். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, விசுவசிக்கிறேன். அங்கேயே, யாரோ என் தோளைப் பிடித்து நகர்த்திக்கொண்டிருக்கும்போதே, சத்தமாக அந்த வரியைச் சொல்லிவிட்டேன், அழுதுகொண்டேதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முழித்திருந்தார். சனம் எப்படி, வயல் வெட்டியாச்சா, ஆயர் ஆண்டகை என்ன பிரசங்கம் வைத்தார் என்று எல்லாம் கேட்டார். காலைக் காட்டச் சொல்லி, அந்தச் சீலைத் துண்டைப் பார்த்து, கட்டியது யார் என்று கேட்டு, அவருக்காகச் செபமாலையில் ஒரு பத்து மணி சொல்ல வேண்டும் என்றார். அன்று இரவு நோ கூடி மருந்து கொடுத்தும் நித்திரை வரவில்லை. விடிய ஒரு மணிபோல் இரண்டு பேரும் செபமாலை சொன்னோம், கர்த்தர் கற்பித்த செபத்தை ஒரு வரியும் விடாமல் சொன்னோம்.

நோய் குறையவில்லை, எழும்பி நடக்கவும் இல்லை, வைத்தியர்கள் சொன்னதும் மாறவில்லை. ஆனாலும் மாதாவே உமக்கு நன்றி. எனக்கு நடக்கக் கால் தந்ததற்கும், யானை இல்லாத வழிக்கும், அந்த வாளித் தண்ணீருக்கும், தண்ணி வண்டியில் கடைசி மைல்கட்டை வரைக்கும் என் பையை ஏற்றிவந்த அந்தப் பொடியனுக்கும், இரவில் தன் பாயில் பாதியைத் தந்த பெயர் தெரியாத மாமிக்கும், என் அம்மாவை எனக்கு அம்மாவாகத் தந்ததற்கும், எட்டு வருஷம் தம்பியைத் தந்ததற்கும் நன்றி. அடுத்த வருஷமும் நான் நடப்பேன், அம்மா இருந்தாலும் நடப்பேன், ஆண்டவர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டாலும் நடப்பேன். வாசிக்கிறவர்கள் அம்மாவுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள், முக்கியமாக இரவு நேரத்தில், அப்போதுதான் அவருக்கு நோ கூட.