நத்தையின் கொம்பு: அது சோர்வா, பழக்கமா? (செய்து பார்த்த குறிப்புகள்)

ஒரே தூண்டல் திரும்பத் திரும்ப வந்தால் எதிர்வினை குறைந்துபோவதுதான் பழகிப்போதல், சுருக்கமாகப் பழக்கம். அது என்றாலே நரம்பியல் ஆய்வாளர் எரிக் கேண்டலின் கடல்முயல் என்ற கடல் நத்தைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அப்ளீசியா கலிபோர்னிக்கா என்ற அந்த இனம் குளிர்ந்த கடல்நீரில் வாழ்வது. வீட்டுத் தொட்டிக்கு அது சரிப்படாது. தரைநத்தையின் மேல்கொம்பு போதும். தொட்டால் உள்ளே போகும். தொட்டுக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்லக் கண்டுகொள்ளாது. 1930-லேயே ஜார்ஜ் ஹம்ஃப்ரி, நத்தை இருந்த மேடையைத் திரும்பத் திரும்ப அசைத்து இதைப் பதிவு செய்திருக்கிறார். கொம்பின் அசைவு குறைவதைக் காண்பது சுலபம். அது தசைச் சோர்வு இல்லை என்று நிரூபிப்பதில்தான் வேலையே இருக்கிறது.

நத்தை

ஆப்பிரிக்க ராட்சத நத்தை, ஓடு 4–5 செ.மீ. இது எலி நுரையீரல் புழுவைச் சுமக்கக்கூடியது. கையுறை கட்டாயம், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்கக் கூடாது. பயிரை அழிக்கும் அந்நிய இனம் என்பதால் பிடித்த இடம் தவிர வேறெங்கும் விடவும் கூடாது.

பந்தின் மேல் நடை

நத்தை ஊர்ந்துகொண்டே இருந்தால் ஒரே இடத்தில் தொட முடியாது. பிடித்து நிறுத்தினாலோ ஓட்டுக்குள் போய்விடும். அதனால் ஓட்டை மட்டும் ஒரு குச்சியில் பொருத்தி, காலுக்கடியில் உருளும் தரையைக் கொடுக்கிறோம். அகன்ற வாய் டம்ளரில் தண்ணீர், அதில் மிதக்கும் 7 செ.மீ. தெர்மோகோல் பந்து. நத்தை நடக்கும், பந்து பின்னோக்கி உருளும், நத்தை இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஓட்டை நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே ஃபோம் டேப் ஒட்டும். மேலே ரப்பர் பேண்ட் ஒரு சுற்று. ஓட்டின் விளிம்பில் வலப்பக்கம் திறந்து மூடும் மூச்சுத்துளையை ரப்பர் மறைக்கக் கூடாது. பந்தை முன்பே நனைத்துவிடுங்கள். உலர்ந்த பந்தில் நத்தை கோழையை நிறையக் கக்கும், கொம்பை நீட்டவே தயங்கும்.

தொடும் கருவி

விரலோ தூரிகையோ ஆகாது, ஒவ்வொரு முறையும் விசை மாறும். 0.20 மி.மீ. நைலான் தூண்டில் நரம்பு, ஐஸ் குச்சி முனையில் 3 செ.மீ. நீட்டி ஒட்டியது. முனையை அழுத்தினால் ஒரு விசையில் நரம்பு வளைந்துவிடும், அதற்கு மேல் விசை ஏறாது. 0.01 கிராம் காட்டும் நகைத் தராசில் குத்திப் பார்த்தால் ஏறக்குறைய 0.3–0.5 கிராம் வரும். நீளத்தைப் பாதியாக்கினால் விசை நான்கு மடங்கு.

நைலான் ஈரத்தை உறிஞ்சி இளகும், கோழையும் ஒட்டும். ஆகவே சில தொடுகைக்கு ஒருமுறை துடைத்து, தொடர் தொடங்கும்போதும் முடியும்போதும் தராசில் சரிபார்க்க வேண்டும். இளகிய நரம்பு குறைந்த விசையில் தொடும். நத்தை கற்றுக்கொண்டது என்று நாம் எழுதி வைப்போம்!

தொடரும் மதிப்பெண்ணும்

வலது மேல்கொம்பின் நடுத்தண்டில் தொடுகை, கண் இருக்கும் நுனியில் அல்ல. 30 நொடிக்கு ஒன்று, மொத்தம் 20. பக்கவாட்டில் போன் கேமரா. 0: அசைவில்லை. 1: நுனி மட்டும் சுருங்கியது. 2: பாதி. 3: கையுறை விரலை உள்ளே இழுத்ததுபோல் முழுதும் உட்புரண்டது. 4: தலையே ஓட்டுக்குள். கொம்பு முழுதாக நீண்டிருந்தால் மட்டுமே அடுத்த தொடுகை. இல்லையென்றால் அந்த முறை காலி.

முதல் தொடுகைகளில் 3. தொடரின் பின்பாதியில் பெரும்பாலும் 1, இடையிடையே 0. தடித்த நரம்பை எடுத்தால் கதை வேறு: மதிப்பெண் முதலில் ஏறிவிட்டுப் பிறகுதான் இறங்கும். அந்த ஏற்றம் கூருணர்வு, அதாவது வலுவான தூண்டலால் எதிர்வினை கூடிப்போவது. நத்தையின் மேல் விழும் நம் மூச்சு, நிழல், மேசை அதிர்வு எல்லாமும் அதே வேலையைச் செய்யும். ஆகவே மேசைக்கடியில் தடித்த ஃபோம், மின்விசிறி நிறுத்தம், மங்கலான விளக்கு.

சோர்வு இல்லை என்பதற்கு

20-வது தொடுகை முடிந்ததும் காலின் வால்முனையில் தடித்த நரம்பால் ஒரு குத்து. உடனே பழைய நரம்பால் வலது கொம்பு. மதிப்பெண் 3-க்குத் திரும்புகிறது. தசை களைத்திருந்தால் இது நடக்காது. ஆனால் இந்த மீட்சி, பழக்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்த கூருணர்வாகவும் இருக்கலாம். அதனால் தொடரே கொடுக்காத நத்தையிலும் அதே வால்குத்தைச் செய்து ஒப்பிட வேண்டும். இதை விட்டுவிட்டு வரைபடம் போடுபவர்கள்தான் அதிகம்.

இன்னும் வலுவான சோதனை இடைவெளியை மாற்றுவது. தொடுகைகளை நெருக்கிக் கொடுத்தால் பழக்கம் வேகமாக வரும், தொடுகையை நிறுத்தியபின் மீட்சியும் வேகமாக வரும். சோர்வு என்றால் நெருக்கிக் கொடுத்த பிறகு மீள அதிக நேரம் பிடிக்க வேண்டும். வட்டப்புழுக்களில் தெளிவாகக் காட்டப்பட்ட குணம் இது. நத்தையில் ஒரு சிக்கல்: 10 நொடியில் கொம்பு நீண்டிருக்காது, காலி முறைகள் குவியும். 20 நொடிக்கும் 60 நொடிக்கும் இடையே ஒப்பிடுவதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

உள்ளே நடப்பது

அப்ளீசியாவில் குறுகியகாலப் பழக்கத்தின்போது உணர்வு நரம்பணு இயக்க நரம்பணுவுக்கு விடும் குளூட்டமேட் என்ற கடத்தி வேதிப்பொருள் குறைகிறது. கூருணர்வில் செரோட்டோனின் சுரந்து, நரம்பணுவிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாய்கள் மூடி, மின்துடிப்பு நீண்டு, கால்சியம் கூடுதலாகப் புகுந்து, கடத்தி அதிகம் வெளிப்படுகிறது. இதை அப்படியே தரைநத்தைக்குப் பொருத்தக் கூடாது. அங்கே கொம்பு இழுப்பில் சி3 என்ற பெரிய இயக்க நரம்பணுவுக்கு முக்கியப் பங்கு உண்டு. கொம்பின் நுனியிலும் தனியாக ஒரு நரம்பணு முடிச்சு இருக்கிறது. வெளியிலிருந்து தொட்டுப் பார்த்து மாற்றம் எந்த இடத்தில் நடந்தது என்று சொல்ல முடியாது.

அடுத்து

நீண்டகாலப் பழக்கம்: தினம் 10 தொடுகை, 4 நாள். அப்ளீசியாவில் இப்படிச் செய்ததன் விளைவு வாரக்கணக்கில் நின்றது. ராட்சத நத்தை இரவாடி. எல்லா நாளும் இருட்டிய பிறகு ஒரே நேரத்தில்தான் தொட வேண்டும். பெட்டி காய்ந்தால் ஓட்டு வாயை மூடிக்கொண்டு உறங்கிவிடும், அந்த நத்தையின் தொடர் அத்தோடு போச்சு. ஈரத் தேங்காய் நார்த்தூள் 5 செ.மீ., தினம் ஒருமுறை தண்ணீர் தெளிப்பு, ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்தாக முட்டை ஓட்டுத் தூள்.