கதீட்டர் எடுத்து வீட்டுக்கு அனுப்பின அப்புறம்: எங்க மணிக்கு யூரின் பிளாக் ஆன அனுபவம்

ஆண் பூனை வளக்குறவங்க யாரா இருந்தாலும் இதைக் கொஞ்சம் படிச்சு வச்சுக்கோங்க. எங்க மணிக்கு நாலு வயசு, வீட்டுக்குள்ளயே வளர்றவன், ஃபேமிலி பிளானிங் ஆபரேஷன் பண்ணியாச்சு. அவனுக்கு யூரின் அடைச்சுக்கிச்சு, ஆஸ்பத்திரியில வச்சு காப்பாத்திட்டாங்க. ஆனா நிஜமான வேலை அவன் வீட்டுக்கு வந்த அப்புறம்தான் ஆரம்பிச்சுது, அதைப் பத்திதான் எழுதுறேன்.

அறிகுறியைச் சுருக்கமா சொல்லிடறேன். லிட்டர் பாக்ஸ்ல, அதாவது அவன் யூரின் போற மண் டிரேல, திரும்பத் திரும்பப் போய் உக்காந்து முக்குவான், ஒரு சொட்டு கூட வராது, எழுந்து வந்து அந்த இடத்தையே நக்கிட்டு இருப்பான், அடிவயித்துல கை வச்சா கத்துவான், அப்புறம் வாந்தி. பாக்குறதுக்கு மலச்சிக்கல் மாதிரியே இருக்கும். ஆண் பூனைக்கு யூரின் வர்ற குழாய் நுனியில ரொம்பக் குறுகல், சளி மாதிரி ஒண்ணும் யூரின்ல உண்டாகுற பொடிக் கிரிஸ்டலும் சேந்து அங்க அடைச்சுக்குது, சில சமயம் வெறும் வீக்கமே அடைச்சுடும். யூரின் வெளிய போகலன்னா ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயத்தையே நிறுத்திடும், ரெண்டு மூணு நாளுக்குள்ள உயிர் போயிடலாம். அதனால ராத்திரியா இருந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க.

ஆஸ்பத்திரியில மயக்கம் குடுத்து, கதீட்டர்ங்கிற யூரின் எடுக்குற மெல்லிசு டியூபைப் போட்டு, பக்கத்துல யூரின் பேக்கைத் தொங்க விட்டு, டிரிப் ஏத்திட்டே இருந்தாங்க. அடைப்பு திறந்ததும் கிட்னி தண்ணியைக் கொட்டோ கொட்டுன்னு கொட்டுமாம், அந்த அளவுக்கு டிரிப்பும் போகணும், இல்லன்னா உடம்பு வறண்டுடும்னு டாக்டரம்மா சொன்னாங்க. முதல்ல பேக்ல ரத்தம் கலந்து சிவப்பா இருந்துச்சு, அப்புறம் ரோஸ், அப்புறம் மஞ்சள். மஞ்சளைப் பாத்ததும் எங்கம்மா அங்கயே அழுதுட்டாங்க.

கதீட்டரை எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்ன ஒரு விஷயத்தை நான் பிடிச்சுக்கிட்டேன், "எத்தனை தடவை போறான்னு மட்டும் பாக்காதம்மா, எவ்வளவு வருதுன்னு பாரு"ன்னாங்க. ஏன்னா குழாய் வீங்கி இருக்கும், முதல் சில நாள் அடிக்கடி போவான், கொஞ்சம் கொஞ்சமா வரும், லேசா ரத்தம் கூட இருக்கும், அது எதிர்பாக்குறதுதான். திரும்ப அடைக்கிறதும் வெளிய இருந்து பாக்க அதே மாதிரிதான் இருக்கும். ரெண்டையும் பிரிச்சுக் காட்டுறது அளவுதான்.

அளவை எப்படிப் பாக்குறது? மண் லிட்டரை எடுத்துட்டு டிரேல நியூஸ்பேப்பரைக் கிழிச்சுப் போட்டோம், புண்ணுல மண் ஒட்டாது, கலரும் தெரியும். இதுக்குன்னே தனியா ஒரு கிச்சன் தராசு வாங்கி, அவன் போறதுக்கு முன்னாடி டிரேயை எடை போட்டு எழுதிக்குவேன், போன அப்புறம் மறுபடி எடை போடுவேன். 1 கிராம்னா ஏறக்குறைய 1 மில்லி. பூனையோட 1 கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துல 1 மில்லியாவது வரணும்னு சொன்னாங்க, மணி நாலரை கிலோ, அப்ப ஒரு நாளைக்கு 100 மில்லிக்கு மேல வரணும். போன்ல நேரம், கிராம், கலர் மூணையும் குறிச்சு வச்சேன், அடுத்த தடவை போனப்ப டாக்டரம்மா வேற எதையும் கேக்கல, அந்த லிஸ்டைத்தான் வாங்கிப் பாத்தாங்க.

ஒரு ராத்திரி பாக்ஸுக்கும் கட்டிலுக்கும் அலைஞ்சுட்டே இருந்தான், தராசுல ரெண்டு மூணு கிராம் கூட ஏறல. வயித்தை எப்படித் தொடணும்னு ஏற்கனவே காட்டிக் குடுத்திருந்தாங்க, பின்னங்காலுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் விரலை மெதுவா வச்சுப் பாக்கணும், அமுக்கவே கூடாது. அடைச்சிருந்தா எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியா ஒண்ணு தட்டுப்படும். எனக்கு எதுவும் தட்டுப்படல, ஆனாலும் என் விரலை நம்பி உக்காராம உடனே தூக்கிட்டுப் போனோம். மூத்திரப் பை காலியாத்தான் இருக்கு, இது வலியால வர்ற தசை இழுப்புன்னு ஸ்கேன்ல பாத்துச் சொல்லி, வலி மருந்தை மாத்திக் குடுத்தாங்க. மறுபடி இப்படி ஆனாலும் நான் போவேன், நீங்களும் போங்க.

மருந்துன்னு பாத்தா வலிக்கு ஒண்ணு, குழாயைத் தளர்த்த ஒண்ணு. ரெண்டும் சேந்து தூங்கித் தூங்கி வழிவான், பயந்துடாதீங்க, ஆனா எழுப்பினா எழுந்துக்கணும், சாப்பிடணும். மாத்திரை குடுத்ததும் சிரிஞ்சுல கொஞ்சம் தண்ணி குடுங்க, வெறும் மாத்திரை தொண்டைக்குக் கீழ ஒட்டிக்கிட்டுப் புண்ணாக்கும். நமக்குப் போடுற பாராசிட்டமாலை மட்டும் கையால தொடாதீங்க, பூனைக்கு அது விஷம், சின்னத் துண்டே போதும் உயிரை எடுக்க. நக்காம இருக்கக் கழுத்துல மாட்டுற கோனை அவன் எவ்வளவு கெஞ்சினாலும் டாக்டர் சொல்ற வரைக்கும் கழட்டக் கூடாது, நக்க நக்க மறுபடி வீங்கும்.

சாப்பாட்டுல எங்களுக்குப் பெரிய போராட்டம். டிரை ஃபுட்ல தண்ணி 10 சதவீதம் அளவுதான், வெட் ஃபுட்ல முக்கால்வாசிக்கு மேல தண்ணி, அதனால யூரினரி வெட் ஃபுட்டுக்கு மாத்தச் சொன்னாங்க. மோந்து பாத்துட்டுப் போயிடுவான். பட்டினி போட்டா வழிக்கு வருவான்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க, அது பூனைகிட்ட நடக்காது, சில நாள் சாப்பிடலன்னா கல்லீரல் கெட்டுடும். பழைய வெட் ஃபுட்டோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து, லேசா சூடு பண்ணி, அம்மா கையால ஊட்டித்தான் பழக்கினோம். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாம சிக்கன் வேக வச்ச தண்ணியை ஐஸ் டிரேல ஊத்தி வச்சு, ஒவ்வொரு கட்டியா உருக்கி சாப்பாட்டுல கலப்பாங்க. கருவாடு, பால் ரெண்டும் நிறுத்தியாச்சு. மணிக்கு இருந்தது ஸ்ட்ருவைட்ங்கிற வகை கிரிஸ்டல், அது சாப்பாட்டை மாத்தினாலே கரையும். கால்சியம் ஆக்சலேட்னா கரையாது, கல்லா இருந்தா எடுக்கத்தான் வேணும், அதனால டெஸ்ட்ல எதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

டாக்டரம்மா வீட்டுல என்ன மாறிச்சுன்னும் கேட்டாங்க, டென்ஷனும் இதுக்கு ஒரு காரணமாம். கொஞ்ச நாளா ஒரு தெருக் கடுவன் பால்கனிக்கு வந்து கத்திட்டு இருந்துச்சு, மணி ஜன்னல்லயே வெறிச்சுட்டு நிப்பான். ஜன்னலோட கீழ்ப் பாதியில பேப்பர் ஒட்டினோம், லிட்டர் பாக்ஸ் ரெண்டாக்கினோம், ரூமுக்கு ஒரு தண்ணிக் கிண்ணம் வச்சோம். அதுக்கப்புறம் அவன் தூங்குற விதமே மாறிடுச்சு.

"ஒரு பூனைக்குப் போய் இவ்வளவு செலவா"ன்னு கேட்ட சொந்தக்காரங்களும் உண்டு. எங்க வீட்டுல அவன் ஒரு பிள்ளை, அவ்வளவுதான். சென்னையில பணம் கஷ்டமா இருக்கிறவங்க வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்க, அரசு ஆஸ்பத்திரி, தனியார் கிளினிக் அளவுக்குச் செலவு ஆகாது.

திரும்ப அடைக்கிற பயம் முதல் ஒண்ணு ரெண்டு வாரத்துல ரொம்ப அதிகம். அடைச்சுட்டே இருந்தா குழாயோட குறுகலான பகுதியை எடுத்து வழியைப் பெருசாக்குற ஆபரேஷன் இருக்கு, எங்களுக்கு இதுவரைக்கும் அது தேவைப்படல. கோன் கழட்டியாச்சு, மண் லிட்டருக்குத் திரும்பியாச்சு, யூரின் பட்டு மண்ணுல உருளுற கட்டி நல்லா பெருசா வருது. அடுத்த யூரின் டெஸ்ட் பாத்துட்டுத்தான் இந்தச் சாப்பாட்டைத் தொடரணுமான்னு சொல்லுவாங்க. கேரியர் பேக் மட்டும் இன்னும் கதவுப் பக்கத்துலதான் இருக்கு, டாக்டரம்மா நம்பர் அம்மா போன்லயும் போட்டுக் குடுத்துட்டேன்.